பட்டாணிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். ஊரில் எத்தனை பேர் கதவைப் பூட்டிக்கொண்டு சாவியைத் தொலைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள்மேல் ஒருநாளும் நான் கோபப்பட்டதில்லை, மறதி எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் குட்டிப் பிராணிகள் நன்னடத்தை வாரியத்தின்மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் கொஞ்சம் காலி இடம். கடையை ஒட்டிக் கம்பிக் கேட் வைத்து, அதில் ஒரு குட்டைக் குதிரை வளர்க்கிறோம். குட்டை என்றால் வயதில் இல்லை, உயரத்தில். அதன் முதுகு என் இடுப்புக்குக்கூட வராது. ஒரு வித்தைக் கூடாரத்தை மூடிக்கொண்டு போனவர்கள், கடைசிப் பூட்டை மாட்டப் போன என்னிடம் இவளுடைய கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். என் மனைவி முதல் நாளே, "அப்படியே உங்க அத்தைதாங்க" என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் அத்தை.

அத்தை வந்த நாலாம் மாதம் ஒரு குட்டி போட்டாள். உருண்டையாக, ஒரு கூடையில் அடங்குகிற அளவுக்கு இருந்தான். பட்டாணி என்று பெயர் வைத்தோம். பட்டாணிக்கு இரண்டு மாதம் ஆனபோதுதான் வாரியத்தின் ஆய்வாளர் என் கடைக்கு வந்தார்.

வந்தது சாவி வெட்ட. வாரியத்தில் 'அமைதி அறை' என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கு ஒரே ஒரு சாவி, அது அவர் பொறுப்பு. டூப்ளிகேட் ஒன்று வேண்டும் என்றார். மெஷினில் மாட்டி வெட்ட ஆரம்பித்தேன். ஐந்து வெட்டில் மூன்று முடிந்திருக்கும். பட்டாணி கேட் கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி, ஆய்வாளர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் சிவப்பு நாடாவை வாயில் வாங்கிச் சப்ப ஆரம்பித்துவிட்டான்.

அத்தை பார்த்தாள். இரண்டு காதையும் பின்னால் மடக்கி, குட்டியின் பின்புறத்தை நோக்கி ஒரு தரம் பல்லைக் காட்டினாள். கடிக்கவில்லை. பட்டாணி நாடாவை விட்டுவிட்டுத் திரும்பி, கழுத்தைத் தாழ்த்தி, வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தமே வராது, பல் மட்டும் லேசாகத் தட்டும். 'நான் சின்னவன், என்னை ஒண்ணும் பண்ணாதே' என்று குதிரைக்குட்டிகள் பெரியவர்களிடம் சொல்கிற விதம் அது. மூன்று விநாடியில் பாடம் முடிந்தது.

"மன்னிச்சுக்குங்க சார், பல்லு முளைக்கிற வயசு" என்றேன்.

"பல்லை விடுய்யா. பெத்தவளே இப்படி மிரட்டுறா, பிள்ளை எப்படி உருப்படும்? குடும்பமே சரியில்லை." மெஷினிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். பாதி வெட்டின டூப்ளிகேட் என் கையில் நின்றது. அதை மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொண்ட குட்டிக்கு இருபது நாளில் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும். தவறினால் தாயிடமிருந்து பிரித்து வாரிய விடுதியில் சேர்க்கப்படும்.

வாரியத்துக்கு ஓடினேன். கூடத்துச் சுவரில் 'காத்திருப்பதே பண்பு' என்று ஆள் உயர எழுத்து. நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது, அதன் குறுக்கே கயிறு கட்டி 'முக்கியஸ்தர்களுக்கு' என்று எழுதியிருந்தார்கள். குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை.

"வரிசையில வா."

"வரிசையில நான் ஒருத்தன்தாங்க இருக்கேன்."

"அப்ப முதல்ல நில்லு."

ஒன்றரை மணி நேரம் முதலில் நின்றேன். அப்புறம் விண்ணப்பத்தை நீட்டினார். நாற்பத்திரண்டு கேள்விகள். 'குட்டி நன்றி சொல்லுமா? எப்போதும் / சில சமயம் / கேட்டால் மட்டும்.' 'பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்குமா?'

"குதிரை எப்பவும் நின்னுகிட்டுதாங்க இருக்கும். தூங்குறதுகூட நின்னுகிட்டேதான்."

"அப்ப பெரியவங்க வந்தா புதுசா எழுந்து நிக்காது. இல்லைன்னு போடு."

இல்லை என்று போட்டேன். அந்த ஒரு பதிலுக்கே பத்து மதிப்பெண் போய்விட்டது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இருபது நாளும் நானும் மனைவியும் பட்டாணிக்கு மரியாதை கற்றுக்கொடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குப் பொறுமை அதிகம். குட்டியின் மார்பில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துவாள். அவன் ஒரு அடி பின்னால் வைத்த கணமே கையை எடுத்துவிடுவாள். வித்தையே அந்தக் கையை எடுப்பதில்தான் இருக்கிறது. தாமதமாக எடுத்தால் அவனுக்குப் புரியாது. வாளியைப் பார்த்ததும் முட்டித் தள்ளிக்கொண்டு வந்தவன், ஐந்தாம் நாளே தானாக ஓர் அடி ஒதுங்கி நின்று காத்திருந்தான். குளம்பைத் தொட்டால் தூக்கிக் கொடுத்தான். தலைக்கயிறு போட்டால் இழுக்காமல் கூடவே நடந்தான். கடிக்கக் கூடாது என்பதை மட்டும் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அத்தை பார்த்துக்கொண்டாள்.

"நாம பத்து தடவை சொல்றதை இவ ஒரு காதை மடக்கிச் சொல்லி முடிச்சிடுறா பாருங்க" என்று சிரிப்பாள் மனைவி. அதுதான் நாங்கள் நிம்மதியாகச் சிரித்த கடைசி வாரம்.

இருபதாம் நாள் ஆய்வாளர் ஒரு நிபுணரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிபுணர் குதிரைகளைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவராம். மூன்றையும் கேட்டுக்கு வெளியே நின்றே எழுதியிருப்பார் போலிருக்கிறது, உள்ளே வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

மனைவி பட்டாணியை நடத்திக் காட்டினாள். வாளியை வைத்தாள். அவன் ஓர் அடி ஒதுங்கி நின்றான்.

"ஒதுங்குது. மனுஷங்களைப் பிடிக்கல. எழுதிக்குங்க" என்றார் நிபுணர்.

அத்தை புதியவர்களைப் பார்த்துக் காதை மடக்கினாள். "மிரட்டல். எழுதிக்குங்க." பட்டாணி தாயைப் பார்த்துக் கழுத்தைத் தாழ்த்தி வாயைத் திறந்து திறந்து மூடினான். நிபுணர் இரண்டு அடி பின்னால் போனார். "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! எதிர்த்துப் பேசுது!"

"ஐயோ, அது எதிர்த்துப் பேசறது இல்லைங்க. 'நான் சின்னப் பிள்ளை'ன்னு கெஞ்சுது" என்றாள் மனைவி.

"தாய்னு ஒண்ணு பக்கத்துல இருக்கிற வரைக்கும் எந்தக் குட்டிக்கும் நல்ல பழக்கம் வராதும்மா. எங்க ஆராய்ச்சியில இது தெளிவாத் தெரிஞ்சிருக்கு."

"எத்தனை குட்டியை ஆராய்ச்சி பண்ணீங்க?"

"விடுதியில இருக்கிற அத்தனையையும். ஒண்ணுக்குக்கூடத் தாய் பக்கத்துல இல்லை. எல்லாம் என்ன அமைதியா இருக்குங்கிறீங்க!"

நாற்பது நாள் விடுதிப் பயிற்சி என்று தீர்ப்பு. பட்டாணிக்குப் பதினேழு என்று எண் கொடுத்து வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் கற்றுக்கொடுத்த மரியாதையோடு, இழுக்காமல், கூடவே நடந்து போய் ஏறினான். கொஞ்சம் மரியாதை கெட்டவனாக வளர்த்திருந்தால் நாலு பேரை உதைத்துவிட்டாவது ஏறியிருப்பான்.

அத்தை கேட்டிலேயே நின்று கத்தினாள். குடிக்க ஆள் இல்லாமல் பால் கட்டி மடி கல்லாகிவிட்டது. மனைவி ஈரத்துணியை ஒத்தி ஒத்தி எடுத்தாள், பால் வற்றிவிடாமல் தினமும் கறந்தும் விட்டாள். கிட்டப் போன என்னை அத்தை கடித்தாள். நல்லா கடி என்று கையைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

பத்தாம் நாள் பார்வையாளர் தினம். குட்டிகளை வளர்த்தவர்கள் எல்லாரும் கூடத்தில் நின்றோம். குட்டிகள் ஒரு பக்கம் வரிசையாக நின்றன. ஓர் ஆட்டுக்குட்டி, நாலைந்து நாய்க்குட்டிகள், ஒரு கன்று, கடைசியில் பட்டாணி. ஒன்றும் அசையவில்லை. தினமும் காலையில் வாரியத் தலைவரின் பேச்சை ஒலிபெருக்கியில் இரண்டு மணி நேரம் போடுவார்களாம், அதுதான் பயிற்சி. அன்றைக்குத் தலைவரே நேரில் பேசினார். தலைப்பு, அடக்கம்.

"என்னையே எடுத்துக்குங்க" என்றார். "முப்பது வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். எனக்கு மேல இருந்தவங்க முன்னால ஒருநாளும் நான் வாயைத் திறந்ததில்லை. இன்னிக்கு எனக்குக் கீழ இருக்கிறவங்க ஒருத்தரும் என் முன்னால வாயைத் திறக்கிறதில்லை. இதுக்குப் பேர்தான் ஒழுக்கம். இதைத்தான் இந்த வாயில்லா ஜீவன்களுக்குக் கத்துக்குடுக்கிறோம்."

கைதட்டினார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் என் மனைவிக்கு இருமல் வந்தது. பட்டாணி சட்டென்று தலையைத் தூக்கினான். எங்களைப் பார்த்துவிட்டான். கூடமே அதிரக் கனைத்தான்.

தலைவர் பேச்சை நிறுத்தினார். ஆய்வாளர் ஓடிவந்து, "பதினேழு, காரணமில்லாமல் குரல் எழுப்பியது. அமைதி அறை, ஒரு மணி நேரம்" என்று எழுதிக்கொண்டு தலைக்கயிற்றைப் பிடித்தார். காரணம் இங்கே நின்று இருமிக்கொண்டிருக்கிறாள் என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. பார்வை நேரம் முடிந்தது என்று எங்களை வெளியே தள்ளினார்கள்.

மறுநாள் மத்தியானம் கடைக்கு போன் வந்தது. வாரியத்துக் குமாஸ்தா. நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, பூட்டுக்காரர்கள் பட்டியலில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்.

"அமைதி அறையைத் திறக்கணும். அவசரம். சாவி வெச்சிருக்கிறவர் லீவுல போயிருக்கார், நேத்தே சாவியோட கிளம்பிட்டார், நாளன்னிக்குத்தான் வருவார். உங்களுக்கு அனுமதிக் கடிதம் டைப் ஆகிக்கிட்டிருக்கு, சாயந்திரம் வந்து வாங்கிக்குங்க. கடிதம் இல்லாம உள்ள விட மாட்டாங்க."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"ஒண்ணும் பெரிசா இல்லை. பதினேழு."

போனை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மனைவி ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள். வாரியத்துக் கேட் பூட்டியிருந்தது. காவலாளி கடிதம் கேட்டார்.

"பூட்டுக்காரன்கிட்ட கேட்டைப் பூட்டி வெச்சுகிட்டு அனுமதி கேக்கிறியாண்ணே?" என்றாள் மனைவி. அவள் முகத்தை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நான் டீ குடிக்கப் போறேம்மா. கேட்டை யார் திறந்தாங்கன்னு எனக்குத் தெரியாது." அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த ஒரே நன்னடத்தை அதுதான்.

அமைதி அறை வாசலில் தலைவர், நிபுணர், குமாஸ்தா மூன்று பேரும் நின்று கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கதவில் 'இங்கே பேசாதீர்' என்று பலகை.

"நேத்து மத்தியானத்துலேருந்து உள்ள இருக்கானா? கதவை உடைச்சிருக்கலாமே!" என்றேன்.

"வாரியச் சொத்துப்பா. உடைக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும். மூணாவது ஆள் ஆய்வாளர். அவர் லீவு" என்றார் குமாஸ்தா.

"அவரைப் போய்க் கூட்டிட்டு வர்றதுதானே?"

தலைவர் முகத்தைச் சுளித்தார். "லீவுல இருக்கிறவரைத் தொந்தரவு பண்றது அநாகரிகம். அதுவும் அவர் சும்மா போகலை, 'உயிர்களிடம் கனிவு'ன்னு ஒரு மாநாட்டுல பேசப் போயிருக்கார்."

"அந்த மேல் ஜன்னல் வழியா ஒரு வாளி தண்ணியாவது இறக்கியிருக்கலாமே?" என்றாள் மனைவி.

"ஜன்னல் வழியாப் பரிமாறுறது மரியாதை இல்லைம்மா. அதோட, இதுக்கெல்லாம் மூல காரணம் யாரு? டூப்ளிகேட் சாவிக்கு உங்க கடைக்குத்தானே அனுப்பினோம்? உங்க குட்டி நாடாவைக் கடிக்காம இருந்திருந்தா, இன்னிக்கு இந்தக் கதவு திறந்திருக்கும்." தலைவர் இதைச் சிரிக்காமல் சொன்னார்.

நான் பூட்டுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். சாதாரணப் பூட்டு. பதினொரு விநாடி ஆயிற்று. இருபத்து மூன்று மணி நேரம் மூன்று பெரிய மனிதர்கள் யோசித்துக்கொண்டிருந்த கதவு அது.

உள்ளே ஜன்னலில் இருந்து விழுகிற கொஞ்ச வெளிச்சத்தில் பட்டாணி நின்றுகொண்டிருந்தான். வாளி கவிழ்ந்து கிடந்தது, தரை எப்போதோ காய்ந்துவிட்டது. அவன் எங்களிடம் வரவில்லை. விலா எலும்பு தெரிந்தது. வாசலில் முதலாவதாக நின்ற தலைவரைப் பார்த்தான். கழுத்தைத் தரை வரைக்கும் தாழ்த்தினான். வறண்ட வாயைத் திறந்து திறந்து மூடினான். திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தான்.

"பாருங்க!" தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. "பாருங்க, நன்றி சொல்லுது! வந்தப்ப எப்படி இருந்த குட்டி! நேத்து சாயந்திரத்துக்கு அப்புறம் ஒரு சத்தம் இல்லை. ஒரு நாள்ல இவ்வளவு முன்னேற்றம் நம்ம வாரிய வரலாற்றுலயே கிடையாது."

நிபுணர் கோப்பிலிருந்த பழைய குறிப்பை எடுத்து, 'எதிர்த்துப் பேசுகிறது' என்பதை அடித்துவிட்டு 'நன்றி தெரிவிக்கிறது' என்று எழுதினார்.

என் கையில் திருப்புளி இருந்தது. அப்போது என் மனதில் ஓடியதை இங்கே எழுத மாட்டேன். மனைவி குழாயடிக்கு ஓடி, இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி வழியிலேயே சிந்தியது. மறுபடி ஓடினாள். நாலாவது தடவைதான் அவன் நாக்கை நீட்டினான்.

"அது நன்றி சொல்லலை சார்" என்றாள். கீழே உட்கார்ந்தபடி, நிமிராமல் சொன்னாள். "நான் சின்னப் பிள்ளை, என்னை ஒண்ணும் பண்ணிடாதேன்னு சொல்லுது. உங்களைப் பார்த்துச் சொல்லுது. நீங்கல்லாம் மனுஷங்களாய்யா?"

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. முதல் வகுப்பு குடுத்திருக்கேன்" என்றார் தலைவர். அங்கேயே, அந்தச் சுவரிலேயே வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மீதி முப்பது நாள் பயிற்சி தேவையில்லை, குட்டி பூரணம் அடைந்துவிட்டது என்றார். நான் சான்றிதழை வாங்கவில்லை. மனைவி பட்டாணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாள். குமாஸ்தா பின்னாலேயே ஓடிவந்து அதை என் கருவிப் பையில் செருகிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கத்திக்கொண்டு ஓடிவந்தாள். உடம்பெல்லாம் முகர்ந்தாள், மூக்கால் மடிப்பக்கம் தள்ளினாள். பட்டாணி அசையாமல் நின்றான். யாராவது சொன்னால்தான் குடிக்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ. மனைவி வாயைக் கொண்டுபோய் மடியில் வைத்த பிறகுதான் குடித்தான். அதற்கப்புறம் அவன் யாரைப் பார்த்தாலும் வாயைத் திறந்து திறந்து மூடினான். என்னைப் பார்த்து, வாளியைப் பார்த்து, துடைப்பத்தைப் பார்த்து, காற்றில் ஆடுகிற சட்டையைப் பார்த்து. முதல் வகுப்பு நன்னடத்தை என்றால் இதுதான் போலிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று, "அடடா, எவ்வளவு சாது!" என்றார்கள். ஒவ்வொரு தரமும் மனைவி உள்ளே போய்விடுவாள்.

ஏழாம் நாள் காலை நான் கேட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் பட்டாணி. சட்டை நுனி அவன் வாயில். அத்தை பார்த்தாள், காதை மடக்கினாள், பல்லைக் காட்டினாள். அவன் சட்டையை விட்டுவிட்டுத் தாயிடம் போய், கழுத்தைத் தாழ்த்தி வாயைத் திறந்து திறந்து மூடினான். தாயிடம் மட்டும். அப்புறம் யாரும் சொல்லாமலே மடியில் முட்டிக் குடித்தான். மனைவி பெருக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் பூட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே ஆய்வாளர் வந்தார், புது நாடா மாட்டிக்கொண்டு, இந்தத் தரம் நீலம். பின்னால் அதே வண்டி.

"என்னப்பா பூட்டுக்காரா, அதிர்ஷ்டக்காரன்யா நீ! வாரியத்து ஆண்டு விழாவுல உங்க குட்டிதான் முன்மாதிரி மாணவன். தலைவர் பேசுறப்ப பக்கத்துல நிக்கணும். கேட்டைத் திற."

நான் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல பூட்டு. நானே செய்தது, ஊரில் வேறு யாராலும் திறக்க முடியாது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சாவி வெச்சிருக்கிறவர் லீவுல போயிருக்காருங்க" என்றேன்.

"யாருய்யா அது?"

"அவரைப் பத்திக் கேக்கிறது அநாகரிகம். லீவுல இருக்கார். நாளன்னிக்கு வந்தாலும் வருவார். கேட்டை உடைக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும். நான், என் சம்சாரம், அத்தை. அத்தைக்குக் கையெழுத்துப் போட வராது. நில்லுங்க சார், காத்திருப்பதே பண்பு."

வெயில் நல்ல வெயில். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நோட்டீஸ் என்றார், விதி என்றார், குடும்பமே சரியில்லை என்றார். மனைவி கடையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து, கேட்டுக்கு உள்ளே, அவர் கண்ணுக்கு எதிரே போட்டு, குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினாள்.

கத்துகிற வேகத்தில் அவர் கழுத்து நாடா கம்பிக்கு உள்ளே வந்து ஆடியது. பட்டாணி மெதுவாகக் கிட்டப் போனான். மூக்கை நீட்டினான். நீல நாடாவை அட்டையோடு சேர்த்து வாயில் வாங்கி, நாலு காலையும் ஊன்றிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தான்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை நிமிர்ந்து குட்டியைப் பார்த்தாள், ஆய்வாளரைப் பார்த்தாள். காது மடங்கவில்லை. மறுபடி குனிந்து புல்லைத் தின்றாள்.